கிளப் தரப்புச் சாட்சி

இஷ்தியாக் சார் கிளப் மேலேயே கேஸ் போட்டுவிட்டார் என்ற செய்தியைத் தையல் லைனுக்குக் கொண்டுவந்தவள் சங்கீதா. ஷூ கம்பெனிக்குள் போன் கூடாது. அவள் மட்டும் எப்படியோ சொருகிக்கொண்டு வந்து பாத்ரூமில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். அன்று திரும்பி வந்தவள் தன் மிஷினுக்குப் போகாமல் நேராகத் தேவகியிடம் வந்து நின்றாள்.

“ஏய், அந்தாளு கோர்ட்டுக்குப் போய்ட்டான்டி.”

“எந்தாளு?”

“இஷ்தியாக்கு. நம்ம கிளப்பு மேல கேஸாம். மேட்ச வித்துட்டான்னு மைக்ல சொன்னது பொய்யாம். அதே கிரவுண்டுல, ஊரு ஜனம் முன்னாடி மன்னிப்பு கேக்கணுமாம்.”

“இன்னாது? மன்னிப்பா?”

தேவகியின் கால் பெடலிலேயே இருந்தது. ஊசி கோடு தாண்டி ஓடி, நல்ல ஆட்டுத்தோல் ஒன்று பாழானது. சூப்பர்வைசர் அந்தக் கோடியிலிருந்து கத்தினார். அவள் காதில் விழவில்லை.

“எம் புருஷன அவ்ளோ ஜனத்துக்கு முன்னாடி ஆட விடாம வெளிய உக்கார வச்சான். அவன்கிட்ட நாம மன்னிப்பு கேக்கணுமா? வரட்டும். அவன் ஆம்பூர்ல எப்படி இருக்கறான்னு பாத்துடறேன்.”

அவள் பேசினால் கட்டிங் செக்‌ஷன்வரை கேட்கும். அன்றும் கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு கிரவுண்டுக்குப் போகிறவர்கள்தான். “விடாதடி” என்று அங்கிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்.

பாலாறு யூத் கால்பந்து கிளப் என்றால் ஆம்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆற்றோரத்தில், மஹபூப் பாஷா முதலாளியின் நிலத்தில்தான் கிரவுண்ட். தோல் கம்பெனிக்காரரான அவர்தான் கிளப்புக்குத் தலைவர். வேன் அவருடையது, பந்து அவருடையது, ஆடுகிறவர்களில் பலருக்கு வேலை கொடுத்தவரும் அவர்தான். பச்சைத்தோல் லாரி இறக்குகிறவனும், பிரியாணிக் கடையில் அண்டா இறக்குகிறவனும், ஷூ கம்பெனிப் பெண்களும் அங்கே ஒரே மதில்மேல் உட்கார்ந்து ஒரே வாயால் கத்துவார்கள். வாரம் முழுக்கச் சூப்பர்வைசரைத் திட்ட முடியாததையெல்லாம் ரெஃப்ரியைத் திட்டித் தீர்த்துக்கொள்வார்கள்.

தேவகி அந்தக் கிரவுண்டிலேயே வளர்ந்தவள். எப்போதும் கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் அவள் இடம். அதனால் கௌதமை அவள் முதன்முதலில் பார்த்தது முதுகுப் பக்கமாக. அவன் பந்தைத் தாவிப் பிடித்து மண்ணில் விழுந்து எழும்போது முதுகில் ஒட்டியிருக்கும் செம்மண்ணைப் பார்த்தே மனசு போய்விட்டது என்று கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிச் சிரித்தாள். கல்யாணத்துக்கு டீம் மேனேஜர் இஷ்தியாக் சார் குடும்பத்தோடு வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கௌதமைப் பள்ளிக்கூடத்திலிருந்தே தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தவரும் அவரே.

போன வருஷம் பேரணாம்பட்டு டீமோடு ஃபைனல். முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கியாகிவிட்டது. இடைவேளை முடிந்து டீம் இறங்கும்போது கோலில் வேறு ஒரு புதுப் பையன் நின்றான். கௌதம் கையுறையைக் கழற்றிக்கொண்டு, குனிந்த தலையோடு மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். “கௌதமை இறக்கு!” என்று தேவகி தொண்டை கிழியக் கத்தினாள். இஷ்தியாக் சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு கோல் விழுந்தது.

அடுத்த வாரமே பாஷா முதலாளி கிரவுண்டில் கூட்டம் போட்டு மைக்கில் பேசினார். “ஒரு நல்ல கோல்கீப்பரைக் காரணமே இல்லாமல் வெளியே எடுத்தார். ஏன் எடுத்தார் என்று நாங்கள் கேட்டோம். பதில் இல்லை. மேட்சை விற்றவருக்கு இந்தக் கிளப்பில் இடம் இல்லை.” ஜனம் கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் தேவகி.

அந்த இஷ்தியாக் சார்தான் இப்போது கேஸ் போட்டிருக்கிறார். அதோடு, கேஸ் முடிகிறவரை புது மேனேஜர் கையெழுத்துப் போட்ட டீம் செல்லாது என்று தடையும் வாங்கிவிட்டார். கேஸ் போட்ட அந்த வருஷம் லீக்கில் பாலாறு யூத் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆண்கள் டீக்கடையிலும் பெண்கள் தெருக்குழாயிலும் கை வேலை இல்லாமல் நின்றார்கள். நின்ற நேரத்துக்கெல்லாம் இஷ்தியாக்கைத் திட்டினார்கள்.

திட்டியதோடு நிற்கவில்லை. டீக்கடையில் அவர் வந்தால் பால் தீர்ந்துவிட்டது என்றார்கள். முடி வெட்டுகிற கடையில் மணிக்கணக்காக உட்கார வைத்துவிட்டு, கரண்ட் இல்லை என்றார்கள். ரசிகர்களுக்குத் தலைமை யாசிர் என்ற ஆட்டோக்காரன். அவன் ஆட்டோ பின்னாலேயே ‘துரோகிக்கு சவாரி கிடையாது’ என்று எழுதிவைத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, இஷ்தியாக் சார் தொழுகைக்குப் போயிருந்த நேரம். தோலிலிருந்து சீவி எடுக்கிற சவ்வுக் கழிவை டிரம்மில் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் கவிழ்த்தார்கள். சித்திரை வெயில். அந்த நாற்றம் தெரு முனைவரை போயிற்று. யோசனை தேவகியுடையது. “பேனர் வச்சி இன்னா ஆவப்போவுது? சவ்வக் கொட்டுங்கடா. அவன் செஞ்சது எவ்ளோ நாத்தம்னு அவன் மூக்குக்குத் தெரியட்டும்” என்று யாசிரிடம் அவள்தான் சொன்னாள்.

இஷ்தியாக் சாரின் மனைவி குர்ஷித் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தள்ளினாள் என்று சங்கீதா வந்து சொன்னாள். தேவகி சிரித்தாள்.

வீட்டில் மட்டும் இந்தப் பேச்சு எடுபடவில்லை. அந்த ஃபைனலுக்குப் பிறகு கௌதம் பந்தைத் தொடவில்லை. பாஷா முதலாளியின் கம்பெனியில் தோலுக்குச் சாயம் அடிக்கிற ஸ்ப்ரே செக்‌ஷனில் இருந்தவனை, தோல் எண்ணி அடுக்குகிற இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். வேலைக்குப் போவான், வருவான். களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தால் சாப்பிடுவான். பேசும்போது முகத்தைப் பார்க்கமாட்டான், சற்றுத் திரும்பியே உட்காருவான். மானம் போனவன் எப்படி நிமிர்ந்து பார்ப்பான் என்று தேவகி நினைத்துக்கொண்டாள். நினைக்க நினைக்க இஷ்தியாக் மேல் இன்னும் வன்மம் ஏறியது.

கேஸ் சாட்சிக்கு வந்தபோது கிளப் செயலாளர் ராமமூர்த்தி வீட்டுக்கு வந்தார். பாஷா முதலாளியின் கம்பெனியில் மேனேஜரும் அவர்தான். கௌதம் அவரைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கம் போய்விட்டான்.

“கௌதமைத்தான் சாட்சிக்குக் கூப்புட்டேன். வர்லன்றான். சரி, அவனுக்குக் கூச்சம். நீ வாம்மா தேவகி. உன்னைவிட யாரு நல்லா பேசப் போறா?”

“இன்னா பேசணும் சார்?”

“உள்ளதப் பேசு. எம் புருஷன் நல்லா இருந்தாரு, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, இந்தாளு வேணும்னே வெளிய எடுத்தாருன்னு சொல்லு. போதும். வக்கீல் எழுதி ரெடி பண்ணிடுவாரு.”

“இதச் சொல்றதுக்கு எனக்குக் கூலியா குடுக்கணும்? ஊரே கேக்கற மாதிரி சொல்றேன்.”

ராமமூர்த்தி கிளம்பும்போது பின்பக்கக் கதவை ஒருமுறை பார்த்தார். “கௌதம்கிட்ட இதப்பத்தி ரொம்பப் பேசாத. பாவம், அவனைப் போட்டுப் பேஜார் பண்ணாத” என்றார்.

வக்கீல் எழுதிவைத்ததில் கையெழுத்தும் போட்டாயிற்று. கோர்ட்டுக்கு முந்தின ஞாயிறு. மத்தியானம் ஒரு கோடை மழை பெய்து நின்றது. ஈரத்தோடு தோல் வாடை எழுந்து வீட்டுக்குள் வந்தது. மகளைச் சங்கீதா வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டு, கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் தேவகி. கௌதம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“யோவ், நீ வக்கீலு. என்னைக் கேள்வி கேளு. அங்க போய் நான் உளறக் கூடாது.”

“எனக்குத் தெரியாது.”

“கேளுய்யா. அன்னிக்கி உன் புருஷன் எப்படி இருந்தாருன்னு கேளு.”

அவளே ஆரம்பித்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்று, கோர்ட்டில் நிற்பதுபோல் நின்றாள்.

“ஐயா, எங்க வூட்டுக்காரரு நல்லா இருந்தாரு. காச்சல் இல்ல, அடி இல்ல. அவரு ஒடம்புல ஒரு கொறையும் இல்ல.”

“தேவகி, விடு.”

“இன்னா விடு? எம் புருஷனுக்கு ஒரு கொறையும் இல்ல. இந்த இஷ்தியாக்கு…”

“விடுன்னு சொல்றேன் இல்ல!”

அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. எழுந்து வந்து அவள் எதிரில் நின்றான். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டான்.

“உன் மூஞ்சி தெர்ல எனக்கு.”

“இன்னாயா சொல்ற?”

“இந்தக் கண்ணு தெர்ல. போன வருஷத்துலேர்ந்தே தெர்ல. நீ நிக்கறயா, சுவரா, எனக்குத் தெரியாது.”

தேவகி அவன் கையைத் தள்ளிவிட்டு அந்த இடது கண்ணைப் பார்த்தாள். மற்றக் கண் எப்படியோ அப்படியே இருந்தது. வெளியில் ஒரு கீறல் இல்லை.

அவன் உட்கார்ந்துகொண்டு சொன்னான். ஃபைனலுக்குச் சில நாள் முன்னால் ஸ்ப்ரே செக்‌ஷனில் காற்று வருகிற கம்ப்ரசர் குழாய் பிடுங்கிக்கொண்டு அவன் முகத்தில் அடித்திருக்கிறது. ப்ராக்டீஸில் பந்து பட்டது என்று வீட்டில் சொல்லச் சொன்னது ராமமூர்த்தி. வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் ஓரத்திலிருந்து கறுப்பாக ஒரு திரை இறங்க ஆரம்பித்தது. வேலூரில் ஒரு டாக்டரிடம் அவர்களே கூட்டிப்போனார்கள். கண்ணுக்குள் சவ்வு கிழிந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர்.

“மொதலாளி இன்னா சொன்னாரு தெரியுமா? வெளிநாட்டுக்காரன் கம்பெனியப் பாக்க வர்றான், இந்த நேரத்துல ஆஸ்பத்திரி கேஸுன்னு போனா ஆர்டரு போய்டும்னாரு. ஃபைனலும் இருக்குது. முடியட்டும், நான் பாத்துக்கறேன்னாரு. முடிஞ்சப்புறம் டாக்டரு கைய விரிச்சிட்டாரு.”

“அந்தக் கண்ண வச்சினா நீ கோல்ல நின்ன?”

“நின்னேன். லெஃப்ட்டு பக்கம் வந்த ரெண்டும் பூந்துடுச்சி. சாருக்கு சந்தேகம். இடைவேளைல என்னை ஓரமா கூட்டுனு போய், கண்ணு முன்னாடி கைய ஆட்டிப் பாத்தாரு. கண்டுபுடிச்சிட்டாரு. மொதலாளி அங்கதான் நின்னாரு. ‘இவன இப்படியே நிறுத்தி இருக்கீங்களே, நீங்க மனுஷனா’ன்னு சாரு அவர மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. நான் சாரு கால்ல வுழுந்துட்டேன். வெளிய சொன்னா வேல போய்டும், சொல்லாதீங்கன்னேன். சொல்ல மாட்டேன்னாரு. இன்னி வரைக்கும் சொல்லல.”

அடுப்பில் வைத்த எண்ணெய் புகைய ஆரம்பித்தது. அதை இறக்கிவைக்கக்கூடத் தேவகிக்குத் தோன்றவில்லை.

“ஒரு வருஷமா அந்த மனுஷன என் வாயால திட்ட வச்ச. வாசல்ல சவ்வு கொட்ட வச்ச. வாய மூடினு பாத்துனு இருந்த.”

“வேல போய்டும் தேவகி. ஒத்தக் கண்ணனுக்கு யாரு வேல குடுப்பா?”

அவள் அவனை அடித்தாள். முதுகிலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். அவன் தடுக்கவில்லை. கை வலித்த பிறகு அவள் அவன் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. மைக்கில் பேசிய பாஷாவின் குரல்தான் காதில் ஓடியது. காரணமே இல்லாமல் வெளியே எடுத்தார். பக்கத்தில் நின்று காரணத்தைக் காதால் கேட்ட மனிதன். அந்தப் பேச்சுக்கு அவள் கைதட்டியிருக்கிறாள்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து, அவள் இஷ்தியாக் சார் வீட்டுக்குப் போனாள். குர்ஷித்தான் கதவைத் திறந்தாள். தேவகியைப் பார்த்ததும் முகம் இறுகிற்று. உள்ளே கூப்பிடவில்லை.

“சார் இருக்காரா?”

“இல்ல. இன்னா வேணும்?”

“அம்மா… எனக்கு நேத்துதான் தெரிஞ்சிது. கண்ணு விஷயம்.”

“ஓஹோ. எனக்கு ஒரு வருஷமா தெரியும்.” குர்ஷித் நிலைப்படியில் கை வைத்துக்கொண்டாள். “அந்தப் பையன் சோத்துல மண்ணப் போடக் கூடாதுன்னு என்னையும் சத்தியம் பண்ண வச்சிட்டாரு. என் பொண்ணு மஹீனுக்குப் பாத்த எடம், அப்பா மேட்ச வித்தவருன்னு சொல்லி நின்னுபோச்சி. அன்னிக்கிதான் கோர்ட்டுக்குப் போங்கன்னு நான் சொன்னேன். போனாரு. ஆனா காரணத்த வக்கீலுகிட்டகூட சொல்லல. காரணம் சொல்லாம எந்தக் கேஸு ஜெயிக்கும்?”

“நான் தப்பு பண்ணிட்டேன்மா. என்னை மன்னிச்…”

“வாணாம்.” குர்ஷித்தின் குரல் உயரவில்லை. “அன்னிக்கி அந்த சவ்வ நான் கையால அள்ளனேன். யாரு சொல்லிக் கொட்னாங்கன்னும் தெரியும். உன் மன்னிப்ப வச்சினு நான் இன்னா பண்றது? தெருவுல அவ்ளோ சத்தம் போட்ட இல்ல? அந்த சத்தத்த கோர்ட்ல போடு. முடியலன்னா இந்தப் பக்கம் வராத.”

கதவு சாத்தப்பட்டது. தேவகி திரும்பி நடந்தாள். திட்டு வாங்கியதில் அவளுக்கு ஒரு தெளிவு வந்திருந்தது. அவள் வன்மம் ஒரு வருஷமாகத் தப்பான வாசலில் நின்றிருக்கிறது. இனி சரியான வாசலுக்குப் போகும்.

யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. கோர்ட் அன்று காலையில் கிளப் வேன் வந்தபோது முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். மஞ்சள் சட்டையோடு யாசிரும் ரசிகர்களும் இன்னொரு வண்டியில் வந்தார்கள். கௌதம் வர மறுத்துப் படுத்துக்கொண்டிருந்தான். “வர்றதும் வராததும் உன் இஷ்டம். நான் பேசத்தான் போறேன்” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ராமமூர்த்தி வழியெல்லாம் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். பள்ளிகொண்டா தாண்டி ஓட்டலில் நிறுத்தி இட்லி, வடை வாங்கிக் கொடுத்தார். அவள் இன்னொரு வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வேலூர் கோர்ட் ஹாலில் ஃபேன் சுற்றியும் காற்று வரவில்லை. பாஷா முதலாளி முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். மறுபக்கம் இஷ்தியாக் சார். ஒரு வருஷத்தில் ஆள் இளைத்துப் போயிருந்தார். தேவகி கூண்டில் ஏறியபோது அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கிளப் வக்கீல் எழுதிவைத்த தாளை அவளிடம் காட்டினார். “இது நீங்க சொல்லி எழுதுனதுதானே?”

“ஆமா சார்.”

“இதுல இருக்கறது எல்லாம் உண்மைதானே?”

“இல்ல சார். பொய்.”

வக்கீல் சரியாகக் கேட்காதவர்போல் குனிந்தார். “என்னம்மா?”

“பொய்னு தெரியாம சொன்னேன். இப்ப தெரியும். எங்க வூட்டுக்காரருக்கு ஒரு கண்ணு தெரியாது. அதோ உக்காந்திருக்காரே பாஷா மொதலாளி, அவரு கம்பெனில பைப்பு அடிச்சிப் போன கண்ணு. ஆபரேஷன் பண்ணாம மேட்ச்சுல நிக்க வச்சாங்க. இஷ்தியாக் சாரு கண்டுபுடிச்சி வெளிய எடுத்தாரு. அத மொதலாளி பக்கத்துல நின்னு கேட்டாரு. கேட்டுட்டு வந்துதான் மேட்ச வித்துட்டான்னு மைக்ல சொன்னாரு.”

ஹாலில் சத்தம் எழுந்தது. வக்கீல் ஏதோ இங்கிலீஷில் ஜட்ஜிடம் படபடத்தார். இஷ்தியாக் சார் எழுந்துவிட்டார். “ஐயா, அந்தம்மா பேசறத எழுதிக்காதீங்க” என்றார். தன் பக்கத்துக்குச் சாதகமான சாட்சியை நிறுத்தச் சொல்கிறவரை ஜட்ஜ் வியப்போடு பார்த்தார். “உட்காருங்கள்” என்றார்.

இஷ்தியாக் சார் தரப்பு வக்கீல் இளம் பெண். இதற்காகவே காத்திருந்தவள்போல் எழுந்து வந்தாள். “உங்க கணவருக்குப் பார்வை இல்லைன்னு யாரு சொன்னது? அவரு வந்து சொல்வாரா?”

தேவகி பதில் சொல்லுமுன் பின்னால் வாசலோரம் ஓர் அசைவு. மஞ்சள் சட்டைகளை விலக்கிக்கொண்டு கௌதம் நின்றிருந்தான். பஸ் பிடித்து வந்திருந்தான். வேர்த்து வழிந்தது.

“சொல்வேன் மேடம்” என்றான்.

கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ரசிகர்கள் கும்பலாக நின்றார்கள். யாசிர் முகம் கறுத்திருந்தது. “ஒரு வருஷமா எங்கள ஏவி விட்டுட்டு அந்தாளு ஏசில உக்காந்துனு இருந்திருக்கான்கா. வண்டி அதோ நிக்குது. சொல்லுக்கா, ஒரு கண்ணாடி மிஞ்சாது.”

“கண்ணாடி ஒடஞ்சா இன்சூரன்ஸ்காரன் போட்டுத் தருவான். நீங்க ஜெயிலுக்குப் போவீங்க. விடு. அவன நான் இதே எடத்துக்கு இழுத்துனு வந்து நிக்க வைக்கறேன்.”

இஷ்தியாக் சார் படியிறங்கி வந்தார். தேவகி கும்பிட்டாள். அவர் கும்பிடவில்லை.

“நான் உன்னைக் கேட்டேனாம்மா? வாக்கு குடுத்தது நான். அத ஒடைக்க நீ யாரு? நாளைக்கே இவன வேலய விட்டுத் தூக்குவாங்க. அப்ப இன்னா பண்ணுவ?”

“நீங்க அவருக்குத்தான் சார் வாக்கு குடுத்தீங்க. எனக்குக் குடுக்கல.”

அவர் கௌதமின் தோளில் கையை வைத்தார். பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. மறுநாள் கௌதமைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். தேவகி அந்த இளம் வக்கீலிடம் போய், கம்பெனி மேல் தன் கணவன் கண்ணுக்காகக் கேஸ் போடவேண்டும் என்றாள். இந்தச் செய்தி ஊருக்குள் பரவிய வாரத்தில் பாஷா முதலாளியே அவள் வீட்டுக்கு வந்தார். கூட ராமமூர்த்தி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“இஷ்தியாக்கிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்மா. அவர் சொல்ற எடத்துல கேக்கறேன். கௌதமுக்கு வேலயும் திரும்பத் தர்றேன். என் கம்பெனி மேல கேஸு மட்டும் வேணாம்.”

“கண்ண எப்ப திரும்பத் தருவீங்க?”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். குரல் மாறிற்று. “நீ கேஸ் போட்டா நான் கிளப்ப கலச்சிடுவேன். கிரவுண்டு என் நெலம். ஒரு வேலி போட எனக்கு எவ்ளோ நேரம் ஆவும்? எத்தன பசங்க ஆடற கிளப்பு அது. உன் ஒருத்தி கோவத்துக்காக ஊரு நாசமாவணுமா?”

“எம் புருஷன அந்தக் கண்ணோட நிக்க வச்சப்ப, ஊர நெனச்சீங்களா மொதலாளி, உங்க ஆர்டர நெனச்சீங்களா?”

“உன் நல்லதுக்குச் சொல்றேன்.”

“வேலி போட்டுக்கோங்க. கிளப்ப மூடுங்க. நான் பொறந்த நாளா அந்த கோலுக்குப் பின்னாடி நின்னவ, நான் சொல்றேன், மூடுங்க. உங்கள கூண்டுல நிக்க வைக்காம நான் வுட மாட்டேன்.”

அவர்கள் போன பிறகு கௌதம் கேட்டான். “கிளப்பு போய்டுமா?”

“போவும்” என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு, தண்ணீர்த் தம்ளரைக் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இத்தனை நாளில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

பாஷா சொல்லிக்கொண்டு போனது மறுநாளே டீக்கடைப் பேச்சாகிவிட்டது. யாசிர் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“விட்ருக்கா. சாருகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்னு சொல்றாரு இல்ல? அதுக்கு மேல இன்னா? பசங்க எல்லாம் கோவமா இருக்கறாங்க. உன் ஒரு வூட்டு விஷயத்துக்காக கிளப்பு போவுதேன்னு.”

“அன்னிக்கி வேப்பமரத்தடில இன்னாடா சொன்ன?”

“அது வேறக்கா. இப்ப கிரவுண்டே போவுது.”

“பசங்ககிட்ட சொல்லு, தேவகி கேஸ் போடறான்னு. இல்லன்னா, பயந்துனு போட மாட்டான்னு நெனச்சினு இருக்கப் போறாங்க.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான். இஷ்தியாக்கின் முதுகுக்குப் பின்னால் இந்தத் தெரு எப்படிப் பேசியது என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பேச்சில் பாதியைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். நாளைக்கு அது தன் முதுகுக்குப் பின்னால் ஓடும். கதவைச் சாத்திவிட்டு, வக்கீலிடம் கொண்டுபோக வேண்டிய டாக்டர் சீட்டுகளைப் பைக்குள் எடுத்துவைத்தாள்.

காலையில் இருவரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். கௌதமின் இடது பக்கத்தில் அவள் நடந்தாள், அந்தப் பக்கத்திலிருந்து வண்டி வந்தால் அவனுக்குத் தெரியாது என்பதால். டீக்கடையில் வழக்கமான கூட்டம் இருந்தது. அவர்களைக் கண்டதும் பேச்சு நின்றது. சிலர் அன்றும் மஞ்சள் சட்டை போட்டிருந்தார்கள். ஒருவன் காறித் துப்பினான்.

தேவகி நின்றாள். எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, கிரவுண்டில் கத்துகிற அதே குரலில் கேட்டாள்.

“வேலூர் பஸ்ஸு போய்ட்ச்சா?”

யாசிர் ஆட்டோவுக்குள் குனிந்து எதையோ தேடுவதுபோல் இருந்தான். டீ மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

கௌதம் தலையை முழுசாகத் திருப்பி ரோட்டைப் பார்த்தான்.

“போவல. அதோ வருது” என்றான் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி. “வா.”